வாக்குரிமை இன்றி வாக்கினால் நின்றவர்
குவாம் தீவின் அன்ரோனியோ வொன் பாற் வரலாறு

வாக்கு என்னுஞ் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. வாயினின்று பிறக்கும் மொழி ஒன்று. குடியாட்சியிற் குடிமகன் தன் விருப்பத்தை அறிவிக்க இடும் தேர்வுக் குறி மற்றொன்று. முன்னையது பழம் பொருள். பின்னையது நம் முன்னோர் அறியாத புதுப் பொருள். இவ்விரண்டும் ஒருங்கே வாய்க்கப்பெற்றோரே அரசியலில் முழு உரிமை உடையோர் எனலாம். முன்னதை மட்டும் கைக்கொண்டு, பின்னது மறுக்கப்பட்ட நிலையில், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் தம் மக்களுக்காக மன்றம் ஏறிய ஒருவர் பசிபிக் பெருங்கடலின் சிறு தீவொன்றிற் பிறந்தார். பள்ளி ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கி, சபாநாயகராகி, ஈற்றில் அமெரிக்கக் காங்கிரஸில் அத்தீவின் முதற் பிரதிநிதியாக அமர்ந்த அன்ரோனியோ போர்ஹா வொன் பாற் என்பவரே அவர். அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

தீவும் மக்களும்

குவாம், மரியானாத் தீவுக் கூட்டத்தின் தென்கோடியில் உள்ளது. அக்கூட்டத்திற் பெரியதும் அதுவே. பெரியது என்றாலும் நீளம் ஏறத்தாழ 30 மைல். பரப்பு 210 சதுர மைல் அளவினது. அதன் தொல்குடியினர் சமோறோ மக்கள். அவர்தம் மொழி மலாய், தகாலொக் முதலிய மொழிகளோடு உறவுடைய பெருங் குடும்பத்தைச் சார்ந்தது. கற்றூண்களின் மீது கிண்ணம் போன்ற கல்லை வைத்து, அவற்றின் மேல் மனை அமைத்து வாழ்ந்தவர் அவர்தம் முன்னோர். லாத்தே எனப்படும் அத்தூண்கள் இன்றும் அங்கங்கே நின்று பழமையைப் பறைசாற்றுகின்றன. ஒருவர்க்கு ஒருவர் உதவி இசைந்து வாழும் நெறியை அவர்கள் இனாஃபமாவ்லெக் என்பர். ஊர் ஒன்றில் மணமோ மரணமோ நேரின் உறவினர் யாவரும் பொருளும் உழைப்புங் கொண்டு கூடுதல் அந்நெறியின் பாற்பட்டது.

இம்மக்களின் அமைதியான வாழ்வில் முதலில் இடையிட்டவர் ஐரோப்பியர். 1521 ஆம் ஆண்டில் மகலன் என்னும் மாலுமி பசியோடும் நோயோடும் அங்கு வந்தடைந்தான். அவனது சிறு படகொன்றைத் தீவினர் எடுத்துச் சென்றனர் என்னுங் காரணத்தால், அவன் கூட்டத்தார் அத்தீவுகளுக்குக் கள்வர் தீவுகள் என்று பெயரிட்டனர். 1668 இல் சான் வித்தோரஸ் என்னும் யேசுசபைக் குரவர் சமயம் பரப்ப வந்தார். அவர்பின் படை வந்தது. படையின் பின் போரும் நோயும் வந்தன. இரண்டு தலைமுறைக்குள் சமோறோ மக்களின் தொகை சில ஆயிரமாகக் குறுகிற்று. ஆயினும் மொழி அழியவில்லை. மக்கள் கத்தோலிக்கராயினர், ஆனாற் சமோறோ மக்களாகவே நிலைத்தனர்.

1898 இல் ஸ்பானியருக்கும் அமெரிக்கருக்கும் போர் மூண்டது. அவ்வாண்டு யூன் மாதத்தில் ஹென்றி கிளாஸ் என்னும் தளபதியின் போர்க்கப்பல் குவாமின் துறைமுகத்துட் புகுந்து பீரங்கி முழக்கிற்று. போர் மூண்ட செய்தி அத்தீவை எட்டவில்லை. ஆதலின், அங்கிருந்த ஸ்பானிய அதிகாரிகள் அம்முழக்கத்தை மரியாதை வேட்டு என மயங்கி, பதில் வேட்டுத் தீர்க்க வெடிமருந்து இல்லாமைக்கு வருத்தந் தெரிவிக்கக் கப்பலுக்குச் சென்று, கைதிகளாயினர். நகைப்பதற்குரிய நிகழ்ச்சிதான், ஆயின் அதனால் ஒரு மக்களினத்தின் தலைவிதி மாறிற்று. அவ்வாண்டு திசெம்பர் 10 ஆம் நாள் பாரிஸ் நகரிற் கைச்சாத்தான உடன்படிக்கைப்படி குவாம் அமெரிக்காவின் உடைமையாயிற்று. தீவின் மக்களுடைய உரிமைகளையும் அரசியல் நிலையையும் அமெரிக்கக் காங்கிரஸே தீர்மானிக்கும் என்று அவ்வுடன்படிக்கை கூறிற்று. எப்போது தீர்மானிக்கும் என்று கூறவில்லை. மக்களும் காத்திருந்தனர், அவ்வாறு காத்திருந்த காலம் அரை நூற்றாண்டு.

கடற்படை ஆட்சி

காங்கிரஸ் வாளாவிருந்த அக்காலமெல்லாம் தீவை ஆண்டது கடற்படை. கடற்படைத் தளத்தின் தலைவர் எவரோ அவரே தேசாதிபதி. சட்டம் ஆக்குபவர் அவர். அதனை நடத்துபவர் அவர். நீதிமன்றமும் அவர் கைக்குட்பட்டது. அவர் இட்ட கட்டளையே சட்டம். தேசாதிபதியாக இருந்த ஒருவர், தலைநகராகிய அகாஞாவில் வீதியிற் சீழ்க்கையடித்தலையுங் குற்றமாக்கித் தண்டம் விதித்தார். பின் வந்தவர் நல்லவராயின் நன்மை, அல்லராயின் தீமை. ஆள்வோரின் குணமே மக்களுக்கு அரசியற் சாசனமாயிற்று.

நீதிமன்றத்தை நாடினால் விடிவு உண்டோ எனின், அதுவும் இல்லை. புதிதாகக் கிடைத்த தீவுகளைக் குறித்து 1901 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புகள், அவை அமெரிக்காவிற்கு உரியனவேயன்றி அமெரிக்காவின் உறுப்புகள் அல்ல என்னும் கொள்கைக்கு வித்திட்டன. அமெரிக்கச் சாசனம் முழுவதும் அங்கே தானாகச் செல்லாது. எனவே குவாம் மக்கள் அமெரிக்கக் கொடியின் கீழ் வாழ்ந்தும் அமெரிக்கக் குடிமக்கள் அல்லர். வேறெந்த நாட்டின் குடிமக்களும் அல்லர்.

இத்தகைய நிலையில், பாரிஸ் உடன்படிக்கை கைச்சாத்தாகிச் சரியாகப் பத்தாண்டுகள் நிறைந்த நாளில், 1908 ஆம் ஆண்டு திசெம்பர் 10 ஆம் நாள், சுமாய் என்னும் ஊரில் வொன் பாற் பிறந்தார். தந்தையார் பெயர் இக்னாசியோ, தாயார் மரியா. சுமாய், தீவின் மேற்குக் கரையில் துறைமுகத்தை அணைந்து நின்ற ஊர். பசிபிக் கடலடியாகச் சென்ற தந்தி வடத்தின் நிலையம் 1903 முதல் அங்கு இருந்தது. 1935 முதற் பெருங்கடலைக் கடந்து சென்ற பறக்கும் படகுகளும் அவ்வூரின் நீரிலேயே இறங்கி ஏறின. உலகத்தின் செய்திகளும் வாகனங்களும் தங்கிச் சென்ற ஊர் அது.

ஆசிரியப் பணி

இளமையில் உள்ளூர்ப் பாடசாலையிலும் ஆசிரியர் பயிற்சிக் கூடத்திலும் பயின்ற வொன் பாற், 1926 இல், பதினேழு வயதினராய் இருந்த காலத்திலேயே ஆசிரியராயினார். பின்னர்த் தலைமையாசிரியராகவும் உயர்ந்தார். அக்காலத்துப் பாடசாலைகளின் நிலையை நாம் நினைத்துப் பார்த்தல் வேண்டும். கற்பிக்கும் மொழி ஆங்கிலம் ஒன்றே. பாடசாலை எல்லைக்குள் மாணவர் தம் தாய்மொழியாகிய சமோறோவிற் பேசுதல் தடுக்கப்பட்டிருந்தது. விளையாட்டு மைதானமும் அத்தடைக்கு விலக்கன்று. தாய்மொழியைத் தடுக்கும் விதியை, அதே மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஆசிரியர்களே நடைமுறைப்படுத்த வேண்டியவராயினர். ஆசிரியத் தொழில் செய்வோர்க்கு இதனினும் பெரிய தருமசங்கடம் வேறு யாது?

மற்றொரு முரண்பாடும் இருந்தது. 1940 இல் அவர் தலைநகரில் ஒரு உயர்தரப் பாடசாலையின் ஆசிரியரானார். அப்பாடசாலை ஜோர்ஜ் வாஷிங்டன் பெயரால் அமைந்தது. தம் பிரதிநிதிகள் அமராத மன்றம் விதித்த வரியைச் செலுத்த மறுத்து எழுந்த மக்களின் படைக்குத் தலைமை தாங்கியவர் அந்த வாஷிங்டன். அவர் பெயர் சூடிய பாடசாலையிற் பயின்ற மாணவர்களுக்கோ எந்த மன்றத்திலும் அதிகாரமுள்ள பிரதிநிதி இல்லை. கற்பித்த பாடத்துக்கும் கண்ட வாழ்வுக்கும் இடையிலான இவ்விடைவெளியே வொன் பாற் அவர்களின் அரசியலுக்கு அடிப்படையாயிற்று எனல் மிகையன்று.

குவாமில் மன்றம் ஒன்று இருக்கவில்லையோ எனில், இருந்தது. 1917 இல் தேசாதிபதியால் நியமிக்கப்பட்டோரைக் கொண்டு குவாம் காங்கிரஸ் என்னும் சபை தொடங்கப்பட்டது. 1931 முதல் அதன் அங்கத்தவர் மக்களாலே தெரிவு செய்யப்பட்டனர். ஆனால் அச்சபை ஆலோசனை கூறலாமேயன்றி ஆணை பிறப்பித்தல் இயலாது. தேசாதிபதி விரும்பினாற் கேட்பார், விரும்பாவிட்டாற் கேளார். 1936 இல் வொன் பாற் அச்சபைக்குத் தெரிவானார். அவ்வாண்டிலேயே பல்தசார் போர்தாலோ, பிரான்சிஸ்கோ லியோன் கெரேரோ என்னும் இரு தலைவர்கள், மக்கள் சேர்த்துக் கொடுத்த பணத்தோடு வாஷிங்டனுக்குச் சென்று குடியுரிமை கேட்டனர். ஜனாதிபதி ரூஸ்வெல்ற்றையும் கண்டனர். குடியுரிமைக்கான மசோதாவுங் கொண்டுவரப்பட்டது; கடற்படை எதிர்த்தமையால் அது கைகூடவில்லை. முதியோர் கேட்டு ஏமாந்ததை இளைஞராகிய வொன் பாற் கண்டார், நம்பிக்கை இழந்தாரல்லர்.

போரும் பூமியும்

1941 ஆம் ஆண்டு திசெம்பர் 8 ஆம் நாள் யப்பானிய விமானங்கள் குவாம் மீது குண்டு பொழிந்தன; முதலிற் குண்டு விழுந்த இடங்களுள் ஒன்று சுமாய். 10 ஆம் நாள் தீவு வீழ்ந்தது. அந்நாள் வொன் பாற் அவர்களின் முப்பத்துமூன்றாம் பிறந்தநாள். தீவை ஒரு வல்லரசிடமிருந்து மற்றொரு வல்லரசு பெற்றதும் திசெம்பர் 10. அதனை வேறொன்று பறித்ததும் திசெம்பர் 10. இடையில் ஒரு திசெம்பர் 10 இல் இவர் பிறந்தார். இதனை விதி என்போர் விதி என்க. வரலாற்றின் ஒற்றுமை என்போர் அவ்வாறு கூறுக.

ஏறத்தாழ முப்பத்திரண்டு மாதங்கள் யப்பானியர் ஆட்சி நடந்தது. தீவின் பெயர் மாற்றப்பட்டது. பாடசாலையில் ஆங்கிலம் போய் யப்பானிய மொழி வந்தது. 1940 ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி 22,000 பேருக்குச் சிறிது மேற்பட்ட மக்களே வாழ்ந்த தீவில், ஆடவர் பெண்டிர் சிறுவர் என்ற வேறுபாடின்றி விமானத்தளம் அமைக்கவும் உணவு பயிரிடவும் கட்டாய வேலைக்கு உட்படுத்தப்பட்டனர். 1944 யூலையில் அமெரிக்கப் படை நெருங்கியபோது கொடுமை எல்லை கடந்தது. மெரிசோ என்னும் தென்னூரில் மக்கள் குகைகளுள் அடைக்கப்பட்டுக் கொல்லப்பட்டனர். ஆயிரக்கணக்கானோர் மழையிலும் சேற்றிலும் மனெங்கோன் பள்ளத்தாக்குக்கு நடத்திச் செல்லப்பட்டனர். யூலை 21 இல் அமெரிக்கர் கரையிறங்கினர். மக்கள் அந்நாளை விடுதலை நாள் எனக் கொண்டாடினர், இன்றுங் கொண்டாடுகின்றனர்.

ஆயினும் விடுதலை தந்த கையே நிலத்தைப் பறித்தது. போர் முடியுமுன்பே யப்பானைத் தாக்குதற்கு ஏற்ற பெருந்தளமாகக் குவாம் மாற்றப்பட்டது. விமான ஓடுபாதைகளுக்கும் துறைமுகத்துக்கும் பாசறைகளுக்கும் குடியானவரின் வயல்களும் தென்னந்தோட்டங்களும் எடுத்துக்கொள்ளப்பட்டன. போர் முடிந்த பின்னும் அவற்றுட் பெரும்பாலானவை திரும்பவில்லை. கொடுக்கப்பட்ட நட்டஈடோ அற்பம். சுமாய் ஊர் முழுவதும் கடற்படைத் தளத்துள் அமிழ்ந்தது. ஊரார் சற்றுத் தொலைவிலுள்ள மலைச்சாரலிற் குடியமர்த்தப்பட்டனர். அந்நாள் முதல் சுமாய் மக்கள் தம் மூதாதையர் துயிலும் கல்லறைகளைக் காண்பதற்கும் கடற்படையின் அனுமதி பெற வேண்டியவராயினர். வொன் பாற் பிறந்த ஊர் இவ்வண்ணம் வரைபடத்திற் பெயராகவும் ஊராரின் நினைவில் ஊராகவும் எஞ்சிற்று.

மன்றம் விட்டு வெளியேறிய நாள்

போருக்குப் பின் வொன் பாற் வணிக நிறுவனம் ஒன்றை அமைத்து அதன் தலைவரானார். 1946 இல் மீண்டும் தொடங்கிய குவாம் காங்கிரஸில் அவர் இடம்பெற்றார். 1948 இல் அதன் கீழ்ச்சபைக்குச் சபாநாயகரானார். இதற்கிடையில் 1947 இற் கடற்படையாலேயே நியமிக்கப்பட்ட ஹொப்கின்ஸ் குழு, குவாம் மக்களுக்குக் குடியுரிமையும் அடிப்படைச் சட்டமும் அளித்தல் வேண்டுமெனப் பரிந்துரைத்தது. சபைக்குச் சட்டமாக்கும் அதிகாரம் சிறிது அளிக்கப்பட்டது. ஆனால் முடிவான சொல் தேசாதிபதியினுடையதே.

அவ்வதிகாரம் மெய்யோ பொய்யோ என்பதை அறியும் வேளை விரைவில் வந்தது. கடற்படையிற் பணிபுரிந்துகொண்டே உள்ளூரில் வணிகம் நடத்துவோர் யாவர் என விசாரிக்கக் கீழ்ச்சபை முற்பட்டது. விசாரணைக்கு அழைக்கப்பட்ட அமெரிக்கர் ஒருவர் சாட்சி கூற மறுத்தார். அவர் சபையை அவமதித்தார் எனக் கண்டு, அவரைக் கைதுசெய்யப் பிடியாணை பிறப்பித்தது சபை. தேசாதிபதி பவுனல் அதனைத் தடுத்தார். ஒரு தனி மனிதரைக் கைதுசெய்வதா விடுவதா என்பதன்று அங்கே எழுந்த வினா. மக்கள் தெரிவுசெய்த சபை ஒருவரை விசாரிக்கும் ஆற்றல் உடையதா, அன்றித் தேசாதிபதியின் கொலுமண்டபத்திற்கு ஓர் அலங்காரமா என்பதே வினா.

1949 ஆம் ஆண்டு மார்ச் 5 ஆம் நாள் அதற்கு விடை கிடைத்தது. வொன் பாற் தலைமையிற் கூடிய சபை, குவாமுக்கு வேண்டிய அடிப்படைச் சட்டத்தின் வரைவை ஏற்றது. தங்கள் அதிகாரம் எதுவென வாஷிங்டன் தெளிவாக்கும் வரை மீண்டுங் கூடுவதில்லை எனத் தீர்மானித்துக் கலைந்தது. மேற்சபையும் துணை நின்றது. கல் எறியவில்லை, கட்டடம் எரியவில்லை. ஆசனங்களை விட்டு எழுந்து சென்றார்கள், அவ்வளவே. மீண்டுங் கூடுமாறு தேசாதிபதி கட்டளையிட்டார், அவர்கள் கூடவில்லை. அவர்களுட் பெரும்பாலோரைப் பதவி நீக்கினார். அவ்விடங்களைப் பிறரைக் கொண்டு நிரப்பும் முயற்சிக்கு ஊர்கள் இணங்கவில்லை. பிரதிநிதிகள் பின்னே மக்கள் நின்றனர்.

இச்செயல் தீவிற்குள்ளேயே அடங்கிப் போயிருத்தல் கூடும். கடற்படையின் அனுமதியின்றி எவரும் குவாமுக்குள் நுழைய முடியாத காலம் அது. அங்ஙனம் அடங்காமைக்குக் காரணமானவர் சபையின் இளம் அங்கத்தவராகிய கார்லோஸ் தைத்தானோ. முன்னரே தீவுக்கு வந்திருந்த செய்தி நிறுவனத்தார் சிலரை அவர் அறிந்து வைத்திருந்தார். வெளிநடப்பு நிகழ்ந்ததும் செய்தியை அவர்களுக்கு அனுப்பினார். அமெரிக்கப் பத்திரிகைகள் அதனை வெளியிட்டன. பின்னாளில் அவர் சட்டங் கற்றுப் பட்டம் பெற்று, தாமும் சபாநாயகர் ஆயினார். நீதிக்கு உழைப்போருக்கு நெஞ்சுரம் போன்றே செய்தி சென்று சேரும் வழியும் வேண்டும் என்பதற்கு இந்நிகழ்ச்சி நல்ல சான்று.

பத்திரிகைச் செய்தி வாஷிங்டனில் வேலை செய்தது. 1949 செப்டெம்பரில் ஜனாதிபதி ட்ரூமன், குவாமின் நிருவாகத்தைக் கடற்படையிலிருந்து உள்நாட்டு இலாகாவுக்கு மாற்ற ஆணையிட்டார். கார்ல்ற்றன் ஸ்கின்னர் முதற் குடிசார் தேசாதிபதியாக வந்தார். அடிப்படைச் சட்டத்திற்காக வாஷிங்டன் சென்று பேசியோருள் வொன் பாற் ஒருவர். 1950 ஓகஸ்ட் 1 ஆம் நாள் ட்ரூமன் அச்சட்டத்தில் ஒப்பமிட்டார். சமோறோ மக்கள் அமெரிக்கக் குடிமக்களாயினர். 21 அங்கத்தவர் கொண்ட சட்டசபை அமைந்தது. உரிமைப் பட்டியல் ஒன்றுங் கிடைத்தது.

கிடைத்ததும் கிடையாததும்

இங்கே நடுநிலையோடு நாம் ஒன்றைக் கூறல் வேண்டும். அச்சட்டம் குவாம் மக்களின் வாக்கெடுப்பால் ஆக்கப்பட்டதன்று. காங்கிரஸ் ஆக்கி அளித்தது. அளித்தவர் விரும்பின் மாற்றவும் வல்லவர். தேசாதிபதியை இன்னும் ஜனாதிபதியே நியமித்தார். ஜனாதிபதித் தேர்தலிற் குவாம் மக்களுக்கு வாக்கில்லை. காங்கிரஸிற் பிரதிநிதி இல்லை. எடுத்த நிலங்கள் யாவும் மீளவில்லை. தீவுக்குட் புகுவதற்கு வேண்டிய கடற்படை அனுமதி 1962 வரை நீடித்தது. ஆகவே அரை விடுதலையை முழு விடுதலையென மயங்கினர் என்று அத்தலைமுறையினரைப் பின்வந்தோர் சிலர் குறை கூறினர். குறையில் உண்மை இல்லாமலில்லை. ஆயின், ஒன்றுமில்லாத இடத்தில் நின்று முதற் படியைக் கட்டியவனிடம், மாடி ஏன் இல்லை என்று வினவுதலும் முறையன்று. படி கட்டியவன் அதன்மீது நின்று அடுத்த படிக்கு உழைத்தானா என்பதே வினவத்தக்கது.

வொன் பாற் உழைத்தார். 1951 இற் கூடிய முதற் சட்டசபை அவரையே சபாநாயகராக்கிற்று. மூன்றாஞ் சட்டசபை நீங்கலாக ஏழாஞ் சட்டசபை வரை அப்பதவி அவரிடம் இருந்தது. 1962 நவம்பரிற் கரென் என்னும் சூறாவளி தீவின் கட்டடங்களிற் பெரும்பாலானவற்றை வீழ்த்தியபோதும் அவரே சபாநாயகர். மறு ஆண்டு குவாமின் மறுவாழ்வுக்கெனக் காங்கிரஸ் சட்டம் ஒன்றை நிறைவேற்றிற்று. ஆனால் ஒவ்வொரு தேவைக்கும் எண்ணாயிரம் மைலுக்கு அப்பால் உள்ள தலைநகரில் எவரேனும் ஒருவர் இரங்குவாரா எனக் காத்திருக்கும் நிலை நன்றன்று என்பதை அவர் உணர்ந்தார்.

எனவே குவாம் சட்டசபை, வாஷிங்டனிற் குவாமின் பிரதிநிதி ஒருவர் இருத்தற்குத் தானே சட்டம் இயற்றிற்று. 1965 மார்ச்சில் மக்கள் அப்பதவிக்கு வொன் பாற் அவர்களைத் தெரிந்தெடுத்தனர். 1968 இல் மீண்டுந் தெரிந்தெடுத்தனர். இப்பதவியின் தன்மையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மக்கள் தெரிவுசெய்தனர், காங்கிரஸோ அவரை அங்கத்தவராக ஏற்கவில்லை. மன்றத்தில் ஆசனம் இல்லை, பேசும் உரிமை இல்லை, குழுக்களில் இடமில்லை. சபாநாயகர் ஆசனத்திலிருந்து பிறர் பேச அனுமதி வழங்கிய ஒருவர், அறுபதை அணுகும் வயதில், பிறர் அலுவலகங்களின் வாயிலில் நின்று பேச அனுமதி கேட்கலானார். தன்மானம் உடையோர்க்கு இஃது எளிதன்று. தம் மக்களின் மானத்தைத் தம் மானத்தினும் பெரிதாகக் கொண்டோர்க்கே இயலும்.

அந்நடை வீண் போகவில்லை. 1968 இற் குவாம் மக்கள் தம் தேசாதிபதியைத் தாமே தெரிவு செய்யும் உரிமையைக் காங்கிரஸ் வழங்கிற்று. முதல் தேர்தல் 1970 இல் நடந்தது. 1972 ஏப்ரலில் குவாமுக்கும் வேர்ஜின் தீவுகளுக்கும் பிரதிநிதிகள் சபையில் ஒவ்வோர் ஆசனம் அளிக்குஞ் சட்டம் நிறைவேறிற்று. அவ்வாண்டுத் தேர்தலில் வென்று, 1973 சனவரி 3 ஆம் நாள் வொன் பாற் அவ்வாசனத்தில் அமர்ந்தார். குவாம் அமெரிக்காவின் கைக்கு மாறி எழுபத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின், அத்தீவின் மகன் ஒருவர் முதன்முறையாக அம்மன்றத்துள் அங்கத்தவராகக் காலெடுத்து வைத்தார்.

ஆசனம் கிடைத்தது, வாக்குக் கிடைக்கவில்லை. குழுக்களில் வாக்களிக்கலாம்; மசோதாக்கள் கொண்டுவரலாம்; சபையிற் பேசலாம். சட்டங்கள் முடிவாக நிறைவேறும் வேளையில் வாக்களிக்கும் உரிமை அவருக்கில்லை. தம் தீவைப் பற்றிய சட்டமாயினும் பிறர் வாக்களிக்கத் தாம் பார்த்திருக்க வேண்டியதே. இந்நிலையிற் பன்னிரண்டு ஆண்டுகள் பணியாற்றினார். வாக்கில்லாதவரின் படைக்கலம் பொறுமையும் நட்பும் என அறிந்து, குழுக்களில் அயராது உழைத்தார். ஈற்றில் தீவுகளின் விவகாரத்தை ஆராயும் உபகுழுவுக்குத் தலைவரும் ஆயினார்.

அவர் எடுத்த காரியங்களுள் நிலம் பற்றியதே நெஞ்சைத் தொடுவது. போருக்குப் பின் அற்ப விலைக்கு நிலம் இழந்தோர் தம் வழக்கை நீதிமன்றத்தில் எடுத்துரைக்க வழி திறக்குஞ் சட்டம் 1977 இல் உருவாயிற்று. அவ்வழியாகத் தொடுக்கப்பட்ட கூட்டு வழக்கு 1980 களில் 3 கோடியே 95 இலட்சம் டொலர் இணக்கத்தொகையோடு முடிந்தது. பணம் வந்தது, நிலம் வரவில்லை. எனினும், முன்னர்க் கொடுத்த விலை நியாயமானதன்று என்னும் குடியானவரின் முறையீடு செவிமடுக்கப்பட்டது. போர்க்களமாகிய கரைகளைப் பேணும் தேசிய வரலாற்றுப் பூங்கா 1978 இற் குவாமில் அமைந்தது. யப்பானிய ஆட்சியில் துயருற்றோர்க்கு உரிய ஈடு வேண்டும் என்னும் கோரிக்கையையும் அவர் காங்கிரஸில் எழுப்பினார். அது சட்டமானது 2016 இல். துயருற்றோருட் பலர் அதற்குள் மண்ணுள் மறைந்துவிட்டனர்.

இறுதிக் காலம்

1984 நவம்பர்த் தேர்தலிற் சில நூறு வாக்கு வேறுபாட்டால் அவர் தோல்வியுற்றார். வென்றவர் பென் பிளாஸ். சிறுவராய் இருந்தபோது யப்பானியரின் கட்டாய வேலையை அனுபவித்து, பின்னர் அமெரிக்க மரைன் படையில் தளபதியானவர். முதியவர் பாதை அமைத்தார். அதன்வழி இளையவர் வந்து அவரையே வென்றார். தம் மக்கள் விரும்பியவரைத் தாமே தெரிவு செய்ய வேண்டும் என்று வாழ்நாள் முழுதும் போராடியவருக்கு, அவர்கள் அவ்வுரிமையைத் தம்மீதே பயன்படுத்தியமை துன்பமாயினும் அது தம் வெற்றியின் ஒரு கூறேயாகும்.

1987 மே 1 ஆம் நாள், எழுபத்தெட்டு வயதில், தலைநகர் வாஷிங்டனை அடுத்த மேரிலாந்தில் அவர் காலமானார். குவாமின் சர்வதேச விமான நிலையம் இன்று அவர் பெயர் தாங்கி நிற்கின்றது. கடற்படையின் சீட்டின்றி எவரும் நுழையவோ வெளியேறவோ முடியாதிருந்த தீவின் வாயிலுக்கு அவர் பெயர் பொருத்தமானதே. அவர் மகளார் ஜூடித் வொன் பாற் பின்னாளிற் குவாம் சட்டசபையின் சபாநாயகராக விளங்கினார். ஒரு காலத்திற் பாடசாலைகளில் தடுக்கப்பட்ட சமோறோ மொழி 1974 இல் ஆங்கிலத்தோடு தீவின் அரச மொழியாயிற்று.

இன்றுங் குவாமின் காங்கிரஸ் பிரதிநிதிக்கு இறுதி வாக்கு இல்லை. ஜனாதிபதியைத் தெரியும் உரிமை அத்தீவில் வாழ்வோர்க்கு இல்லை. ஐக்கிய நாடுகள் சபையின் தன்னாட்சி பெறாத பிரதேசங்களின் பட்டியலில் 1946 முதல் குவாம் இடம்பெற்றே வருகின்றது. ஆதலின் வொன் பாற் தொடங்கிய காரியம் முடிந்துவிட்டது என்று நாம் கூற இயலாது.

வள்ளுவப் பெருந்தகை அமைச்சியலுட் சொல்வன்மைக்குத் தனி அதிகாரம் வகுத்தார். அரசியலிற் சொல் தனித்ததோர் ஆற்றல் என்பது அதனாற் பெறப்படும். படையோ பொருளோ வாக்குரிமையோ இல்லாத சிறு மக்கட் கூட்டத்துக்கு எஞ்சிய ஆற்றல் அஃதொன்றே. அதனை வெகுளியால் வீணாக்காமலும், அச்சத்தால் அடக்காமலும், வேண்டிய பொழுது மன்றத்திலிருந்து எழுந்து செல்லும் மௌனத்தாலும் ஆண்டவர் அவ்வாசிரியர். வகுப்பறையில் ஒரே பாடத்தைப் பன்முறை சொல்லியும் சலியாதவன் நல்லாசிரியன். ஒரே நியாயத்தை அரை நூற்றாண்டு சலியாது சொன்ன வொன் பாற், மன்றம் ஏறிய பின்னும் ஆசிரியராகவே இருந்தார் எனல் தகும்.